பக்கத்து வீடு எது?

ஆபீஸில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் குறைவு. வெளியே பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது. தங்கமணி பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை எழுத இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இன்றைக்குக் கொஞ்சம் பொட்டி தட்டுகிற விஷயம், கொஞ்சம் கொசுவத்தி. பொட்டி விஷயம் வேண்டாதவர்கள் நடுவில் நாலு பத்தி தாண்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் அம்மா போனில் கேட்டார்: "இன்னாடா கண்ணு, அங்க நீ இன்னாதான் வேலை பண்றே? தெருவுல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல."

நான் ரொம்ப யோசித்துச் சொன்னேன்: "ஒரு எடத்தைச் சொன்னா, அதுக்குப் பக்கத்துல எது இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற வேலைம்மா."

"அதுக்கு இன்னாத்துக்குடா நார்வே வரைக்கும் போணும்? எட்டிப் பாத்தா தெரியுதே!"

அம்மா சொன்னது சரிதான். அவர் இருக்கிற இடத்தில் எட்டிப் பார்த்தால் தெரியும். பேத்தமங்களா அப்படிப்பட்ட ஊர். கோலார் தங்கவயலுக்கு வடகிழக்கே, பாலாற்றை மறித்துக் கட்டிய பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் 'எங்க பாலாறு' என்று சொந்தம் கொண்டாடும் அதே பாலாறுதான். நந்தி மலையில் பிறந்து எங்கள் பக்கம் வந்துவிட்டுத்தான் ஆந்திரா வழியாக உங்களுக்கு வருகிறது (வந்தால்!). தங்கச் சுரங்கத்துக்கும் அங்கே வேலை பார்த்த ஜனங்களுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே, அதற்கு வெள்ளைக்காரக் கம்பெனி நம்பியது இந்த ஏரியைத்தான். இங்கிருந்து சுத்தம் பண்ணிய தண்ணீர் குழாய் வழியாகத் தங்கவயலுக்குப் போனது. அம்மா பிறந்தது ஏரிக்கரையில். வாழ்க்கைப்பட்டது அந்தக் குழாயின் மறுமுனையில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். "எங்கூரு தண்ணிதான் உங்கப்பன் ஊருக்கு சோறு பொங்குது" என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்லுவார்.

லைன் என்றால் என்ன என்று தங்கவயல் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்கு: சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வீட்டு வரிசைகள். ஒட்டி ஒட்டி சின்னச் சின்ன வீடு, வெளியே பொதுக் குழாய். இந்தக் குழாய் கதையில் பின்னால் வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொட்டி.

2008-இல் நான் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். தரவுத்தளத்தில் கடைகள், ஏடிஎம்கள், பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் புள்ளிகளாக இருக்கும். ஒருத்தர் நிற்கிற இடத்தைக் கொடுத்தால் பக்கத்திலிருக்கும் ஏடிஎம்மைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒன்றாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருக்கும். டொனால்ட் நூத் 1973-இல் வந்த தன் மூன்றாவது தொகுதியிலேயே இதை 'தபால் நிலையப் பிரச்னை' என்று குறிப்பிட்டுவிட்டார். ஊரில் எங்கே நின்றாலும் பக்கத்து தபால் ஆபீஸ் எது? அவ்வளவுதான் கேள்வி.

ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அன்றைக்கு இதைக் கேட்க நேர்வழி கிடையாது. இரண்டே வழி. ஒன்று, இருக்கிற எல்லாப் புள்ளிக்கும் தூரம் கணக்குப் போட்டு, வரிசைப்படுத்தி, முதலாவதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவது. லட்சம் புள்ளி இருந்தால் ஒரு ஆளுக்காக லட்சம் கணக்கு. இன்னொன்று, நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் இருப்பதை மட்டும் பார்ப்பது. வட்டம் எவ்வளவு பெரிசு? அதுதான் தலைவலி. எம்.ஜி. ரோட்டில் 500 மீட்டர் போட்டால் கொட்டும். அதே 500 மீட்டரை பேத்தமங்களாவில் போட்டால் ஏரித் தண்ணீர்தான் வரும். ஒன்றும் கிடைக்கவில்லையா, வட்டத்தை இரண்டு மடங்காக்கு, மறுபடி தேடு, மறுபடி இரண்டு மடங்காக்கு. இப்படி ஒரு நிரலை நான் எழுதி, அது மூன்று வருஷம் ஓடியது. எழுதியவன் நான்தான் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

2011 செப்டம்பரில் போஸ்ட்கிரெஸ் 9.1 வந்தது. ஒலெக் பார்துனோவ், தியோடர் சிகாயெவ் என்று இரண்டு ரஷ்யர்கள். பார்துனோவ் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வானியல் நிலையத்துக்காரர். இந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்து நட்சத்திரம் எது என்று வானியல்காரர்களும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தானே! போஸ்ட்கிரெஸ்ஸின் 'ஜிஸ்ட்' என்கிற அட்டவணை முறைக்கே இந்த இருவரும் பக்கத்தில் இருப்பதை வரிசையாக எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2012-இல் வந்த போஸ்ட்ஜிஐஎஸ் 2.0, இதைப் புவியியல் வடிவங்களுக்கும் கொண்டுவந்தது. கனடாவிலிருக்கும் பால் ராம்சே அந்த வேலையைச் செய்தவர். இரண்டு பக்கமும் கூர்மையாக ஒரு அம்புக்குறி. 'இந்த அம்பின்படி வரிசைப்படுத்து, ஒன்று போதும்' என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். என் இருநூறு வரி நிரலை அன்றைக்கு ராத்திரியே அழித்தேன். அழிக்கும்போது வந்த சந்தோஷம் எழுதும்போது வரவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? புத்தகத்தில் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை. லைன் குழாயை நினைத்ததும் ஏறிவிட்டது.

எங்கள் லைன் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புவார். சுற்றிலும் வேறு லைன்கள். எந்த லைனில் எந்த இடத்தில் குழாய் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு லைனும் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். கீழ் லைனின் முனை 30 தப்படி. மேல் லைனின் முனை 80 தப்படி. முதலில் எங்கே போவீர்கள்? கீழ் லைனுக்கு. உள்ளே நுழைந்து பார்த்தால் குழாய் 60 தப்படியில் இருக்கிறது. இனி மேல் லைனுக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். அதன் முனையே 80 தப்படி என்றால் அதற்குள்ளே இருக்கிற எந்தக் குழாயும் 80-க்குக் குறைவாக இருக்க முடியாது. கீழ் லைன் குழாய் 60-க்குப் பதில் 100 தப்படியில் இருந்திருந்தால் மேல் லைனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லணும்.

இவ்வளவுதான் சங்கதி. தரவுத்தளம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரு பெட்டியில் போடுகிறது, பெட்டிகளைப் பெரிய பெட்டியில் போடுகிறது. 1984-இல் அன்டோனின் கட்மன் சொன்ன ஆர்-மரம் இதுதான். தேடும்போது எந்தப் பெட்டியின் ஓரம் பக்கத்தில் இருக்கிறதோ அதை முதலில் திறக்கும். பெட்டிகளும் புள்ளிகளும் ஒரே வரிசையில் தூரப்படி நிற்கும். வரிசையின் தலைக்குப் பெட்டி வந்தால் பிரி, புள்ளி வந்தால் அதுதான் விடை. இரண்டாவது வேண்டுமா, வரிசையில் அடுத்ததைக் கேள், முதலிலிருந்து தேட வேண்டாம். இப்படித் தூரப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகும் முறையை 1990-களில் ஹியால்டசன், சமெட் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். அம்மா அதற்கு முன்னாலேயே குடத்தோடு செய்துகொண்டிருந்தார்.

ஆஸ்லோவுக்கு (ஈழத்து நண்பர்கள் ஒஸ்லோ என்பார்கள், அவர்கள்தான் இங்கே சீனியர்கள்) நான் வந்த புதிதில் பொழுது போகாது. அப்போது ஒரு காரியம் செய்தேன். பேத்தமங்களாவையும் தங்கவயலையும் தரவுத்தளத்தில் ஏற்ற ஆரம்பித்தேன். குழாய்கள், கிணறுகள், மெடிக்கல் ஷாப், ரேஷன் கடை, கோயில்கள், சயனைட் மேடுகள், மாரிக்குப்பம் ரயில் பாதையின் ஸ்டேஷன்கள் என்று ஒன்றொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் தேடிப் புள்ளி வைத்தேன். சந்தேகம் வந்தால் அம்மாவுக்குப் போன். "டெண்டு கொட்டா பக்கத்துல கிணறு இருந்துச்சே, அது இப்ப இருக்கா?" என்று கேட்டால் அம்மா அந்தக் கிணற்றின் கதை, கிணற்றில் விழுந்தவர் கதை, விழுந்தவர் மகள் கல்யாணக் கதை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் "மூடிட்டாங்கடா" என்பார். இருநூறு சொச்சம் புள்ளி சேர்ந்தது. புதிதாக எது வந்தாலும் அதில்தான் நான் சோதித்துப் பார்ப்பேன். தெரிந்த ஊர் என்பதால் விடை தப்பாக வந்தால் உடனே தெரிந்துவிடும் இல்லையா?

முதல் தப்பு அப்படித்தான் தெரிந்தது. அம்மா வீட்டுக்குப் பக்கத்து நீர்நிலை எது என்று கேட்டேன். வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் ஏரி. அது எங்கோ இருக்கிற ஒரு குட்டையைச் சொன்னது! 2.0-இல் அந்த அம்பு, புள்ளிகளுக்குச் சரியான தூரத்தைத்தான் பார்க்கும். ஆனால் ஏரி, சாலை மாதிரி வடிவங்களுக்கு, அதைச் சுற்றிய பெட்டியின் நடுப்புள்ளிக்குத்தான் தூரம் பார்க்கும். ஏரி பெரிசு, அதன் நடு தூரத்தில். குட்டை சிறிசு, அதன் நடு அதன் ஓரத்திலேயே. பெரிய மனுஷன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அவரை நமக்குத் தூரம் என்று சொல்வது மாதிரி. அப்போதைய வைத்தியம்: அம்பை வைத்து ஒரு நூறு எடுத்துக்கொள், அந்த நூறுக்கு மட்டும் நிஜமான தூரம் கணக்குப் போட்டு மறுபடி வரிசைப்படுத்து. பிறகு போஸ்ட்ஜிஐஎஸ் 2.2 (2015), போஸ்ட்கிரெஸ் 9.5 (2016) இரண்டும் சேர்ந்ததும் இது நிஜமாகவே தீர்ந்தது. அட்டவணை குத்துமதிப்பாகச் சொல்வதை, நிஜ தூரத்தோடு சரிபார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளும் வழி வந்துவிட்டது.

இரண்டாவது தப்பு பேத்தமங்களாவில் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

2014-இல் என் அப்போதைய கம்பெனி, ஆஸ்லோ பக்கம் ஒரு நகராட்சிக்கு மென்பொருள் செய்தது. இங்கே தனியாக வாழும் முதியவர்கள் கழுத்திலோ மணிக்கட்டிலோ ஒரு பொத்தான் கட்டியிருப்பார்கள். விழுந்தால், மூச்சு வாங்கினால் அமுக்குவார்கள். ரோந்தில் இருக்கும் செவிலியர்களில் பக்கத்தில் இருப்பவர் கார் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யார் என்று சொல்லும் வரி, நான் எழுதியது. பேத்தமங்களா புள்ளிகளில் சோதித்தேன், இருநூறும் சரி. ஒரு வரி, ஒரு அம்பு. பெருமையாகக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். கிழக்கே 3 கிலோமீட்டரில் ஒரு செவிலியர் இருந்தார். மென்பொருள் வடக்கே 5 கிலோமீட்டரில் இருந்தவரை அனுப்பியது. பாட்டி கால் மணி நேரம் கூடுதலாகக் குளிர்ந்த தரையில் கிடந்தார். பெரிய அடி இல்லை, பிழைத்துக்கொண்டார். ஆனால் கிழக்கே இருந்த செவிலியர் மறுநாள் கேட்டிருக்கிறார், "நான் பக்கத்திலேயே இருந்தேனே, ஏன் என்னைக் கூப்பிடவில்லை?"

என்ன நடந்தது என்றால், நான் புள்ளிகளைத் தீர்க்கரேகை, அட்சரேகை பாகைகளாகவே வைத்திருந்தேன். அந்த அம்புக்கு பூமி உருண்டை என்று தெரியாது. பாகையைக் கட்டம் போட்ட காகிதம் என்று நினைத்துக் கணக்குப் போடும். பேத்தமங்களா ஏறக்குறைய 13 பாகை வடக்கு. அங்கே வடக்கு தெற்காக ஒரு பாகை சுமார் 110 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக சுமார் 108. கட்டம் கிட்டத்தட்ட சதுரம். தப்பு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்லோ கிட்டத்தட்ட 60 பாகை. இங்கே வடக்கு தெற்கு 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்கு 56. கட்டம் பாதியாகச் சப்பிப் போயிருக்கிறது. கிழக்கே 3 கிலோமீட்டர் என்பது 0.054 பாகை, வடக்கே 5 கிலோமீட்டர் என்பது 0.045 பாகை. அம்பு சின்ன எண்ணை எடுத்தது. அது சொன்னபடி செய்தது. நான்தான் ஊரை மாற்றியும் கணக்கை மாற்றவில்லை.

உருண்டை பூமிக்கான தனி வகை 2010-இலேயே போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் உண்டு. ஆனால் அதற்கு அந்த அம்பு அன்றைக்கு இல்லை, 2.2-இல்தான் வந்தது. அதனால் எல்லாப் புள்ளியையும் மீட்டர் கணக்குக்கு, நார்வேக்காரர்கள் பயன்படுத்தும் 32-ஆம் மண்டலத்துக்கு மாற்றி, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி பண்ணினேன். (மண்டலம் என்றதும் ஒரு உபதகவல். தங்கவயலிலிருந்து தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிற எங்கள் ஜனம், பங்காருப்பேட்டைக்கும் மாலூருக்கும் நடுவே 44-ஆம் மண்டலத்திலிருந்து 43-க்குத் தாண்டுகிறார்கள். தூக்கத்தில் இருப்பார்கள், பாவம்.) மேலாளர் திட்டவில்லை. நார்வேயில் திட்ட மாட்டார்கள், காப்பி கொடுத்து "இதிலிருந்து என்ன கற்றோம்" என்று கேட்பார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அந்த ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் லைனில் படுத்திருக்கும்போது திடீரென்று வீடு குலுங்கும். கீழே எங்கோ பாறை வெடித்திருக்கும். பாத்திரம் உருளும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்பா ராத்திரி ஷிப்டில் இருப்பார். படத்தில் பார்த்தால் எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் தூரமே இருந்திருக்காது, வீட்டுக்கு நேர் கீழேகூட இருந்திருக்கலாம். ஆனால் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தட்டையான படத்தில் அந்த ஆழம் பூஜ்யம்தான். லைன் பொம்பளைகள் எல்லாம் ஷாஃப்ட் வாசலில் போய் நிற்பார்கள். நான் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அப்பா ஒவ்வொரு தடவையும் மேலே வந்தார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்புறம் அவர் ரொம்ப நாள் இல்லை. லைனை விட்டு அம்மா தன் பிறந்த வீட்டுக்கே, பேத்தமங்களாவுக்கே போய்விட்டார்.

இங்கே வா என்றால் வர மாட்டார். ஒரு தடவை வந்தார். "பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியலையேடா" என்று பதினைந்தாம் நாளே டிக்கெட் கேட்டார்.

2019-இல் அம்மாவே விழுந்துவிட்டார். கொல்லைப் படியில், காலை ஒன்பது மணிக்கு. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்து, கையில் கட்டுப் போட்டு, வீட்டில் படுத்திருந்தார். மணிக்கட்டு முறிவுதான். யார் முதலில் வந்தார்கள் என்று கேட்டேன். வேலைப் புத்தி. நாலு தெரு தள்ளி இருக்கிற டெய்லர் அண்ணன். சத்தம் போட்டது அவருக்குக் கேட்டிருக்காது. அம்மா போன் பண்ணியிருக்கிறார். ஒட்டின வீடு இருக்கிறது, எதிர் வீடு இருக்கிறது. அவர்களை ஏன் கூப்பிடவில்லை?

"ஒட்டின வீட்ல புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் விடிகால ரயிலுக்குப் போனா ராத்திரிதான் வருவாங்க. எதிர் வீட்டுப் பாட்டி என்னைவிடப் பெரியவ, அவளை எழுப்பினா அவளுக்கும் சேத்து ஆள் வேணும். டெய்லர் கடை தொறந்திருக்கும், வண்டி வாசல்லயே நிக்கும்."

அம்மா இதைத் தரையில் கிடந்துகொண்டு யோசித்திருக்கிறார். என்ன ஒரு வரிசைப்படுத்தல்!

அன்றைக்கு நான் பழைய பேத்தமங்களா தரவுத்தளத்தைத் திறந்தேன். குழாயும் கிணறும் இருந்தது, மனுஷர்கள் ஒருத்தரும் இல்லை. அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு புது அட்டவணை போட்டேன். யார், எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் இருப்பார், வண்டி உண்டா, ராத்திரி போன் எடுப்பாரா. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி மகன் நேர்கோட்டில் பக்கம், ஆனால் கரையைச் சுற்றித்தான் வரணும். அதனால் சாலை வழி நேரத்தையும் சேர்த்தேன். ஒரு நெஞ்சுவலி வந்தால் இங்கிருந்து நான் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பொத்தானில் தெரியணும், அதுதான் நோக்கம். இருபது பேர்தான், இதற்கு அட்டவணை முறையும் வேண்டாம், மரமும் வேண்டாம், ஒரு தாளில் எழுதினால் போதும். அம்மா உண்மையிலேயே தாளில் எழுதி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் அவர் தாள்தான் சரியாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தோம்.

"டெய்லரை எடுத்துடு கண்ணு. கடையை மூடிட்டு ஓசூர்ல பொண்ணு வூட்டுக்குப் போயிட்டான்."

"அப்ப முதல்ல யாரும்மா?"

"அதான் யோசிக்கிறேன். மெடிக்கல் ஷாப்புல புதுசா ஒரு பையன் வந்திருக்கான். நல்ல பையனாத்தான் தெரியறான். இரு, இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டுச் சொல்றேன்."

டெய்லர் அண்ணன் வரியை இன்னும் அழிக்கவில்லை. முதல் இடத்தில் இப்போதைக்குச் சித்தி மகனைப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் எடுப்பதில்லை என்று அம்மா தன் தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாராம்.